பார்பியானாவின் மேசையும் காஞ்சியின் தறியும்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தால் தறியோசை தெருவரை வரும். குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்திருக்கும் முதியவர் நெசவைப் பள்ளியில் கற்றவர் அல்லர். பாவு எண்ணுவதையும், அறுந்த இழையை விரல்நுனியால் கண்டு முடிவதையும் தந்தையின் அருகிலிருந்தே கற்றார். எனவே, "பள்ளி எதற்கு?" என்று கேட்கும் நூல்களை இவ்வூரை மனத்தில் கொண்டு வாசிப்பது தக்க சோதனையாகும் என்று எண்ணினோம்.

அவற்றுள் பெயர்பெற்றது, குருப்பணியை விட்டு விலகிய இவான் இல்லிச் 1971-இல் வெளியிட்ட 'டிஸ்கூலிங் சொசைட்டி'. சான்றிதழையே கல்வியென மயங்குகிறோம்; கற்க விரும்புவோர் தொழில் அறிந்தாரிடம் நேரே சென்று கற்கட்டும் என்பது அவர் வாதம். வாசிக்கையில் தலையசைக்கத் தோன்றுகிறது. தறியருகே சென்றால் தயக்கம் பிறக்கிறது.

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் பிணைக்க மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளரின் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித்தர வேண்டும். நெடுங்காலம் அங்கே அமர்ந்தவர்களுள் பலர் சிறுவர்கள். சொந்த மகனாயின் என்றாவது முழுத்தறிக்கும் உரியவன் ஆவான். பெற்றோர் முன்பணம் வாங்கியதற்காக அனுப்பப்பட்ட பிள்ளையோ கற்றது கரை மட்டுமே. கடன் தீராமல் எழுந்து போகவும் இயலாது. இத்தகைய சிறுவர்களை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-இல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. இவர்களைக் குறித்து இல்லிச் நமக்குத் துணைசெய்யவில்லை. பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று 1953-இல் இராஜாஜி வகுத்த திட்டத்தைத் தமிழகம் 'குலக்கல்வி' என்று சொல்லி அடுத்த ஆண்டே கைவிடச் செய்ததும் நினைவுக்கு வருகிறது. அன்று எழுந்த சினத்தில் நியாயம் இருந்தது.

இந்த இடத்தில்தான் இன்னொரு நூல் நம்மைப் பற்றிக்கொள்கிறது. இத்தாலியில் புளோரன்சு மறைமாவட்டத்து மலைச் சிற்றூரான பார்பியானாவுக்கு 1954-இல் அனுப்பப்பட்டவர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. பள்ளிகள் தள்ளிவிட்ட உழவர் பிள்ளைகளைக் கூட்டித் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். கரும்பலகை இல்லை, ஆசிரியர் மேடை இல்லை. பெரிய மேசைகள், ஒவ்வொரு நூலுக்கும் ஒரே படி. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். ஞாயிறும் விடுமுறையன்று. அப்பள்ளியின் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஆசிரியைக்கு ஒரு மடல்' 1967 மே மாதம் வெளிவந்தது. மறுமாதமே மிலானி இறந்தார். கருத்துகளைத் துண்டுத்தாள்களில் குறித்து, அடுக்கி, வேண்டாதவற்றை நீக்கி நீக்கி அவர்கள் எழுதிய முறையே ஒரு பாடம். அதன் நடையில் ஒரு சொல்லும் வீணாகவில்லை.

வழக்கத்துக்கு மாறான பள்ளியில் கற்ற இவர்கள் பள்ளி வேண்டாம் என்று கூறவில்லை. இன்னும் மிகுதியாக வேண்டும் என்கிறார்கள். வீட்டில் முப்பத்தாறு பசுக்களோடு மல்லாடும் சிறுவனுக்குச் சாணம் அள்ளுவதைவிடப் பள்ளி எவ்வளவோ மேல். கரை நாடா தள்ளும் பிள்ளைக்கும் இம்மொழி விளங்கும். இல்லிச் கற்றோரின் சலிப்பிலிருந்து பேசுகிறார். இவர்கள் பசியிலிருந்து பேசுகிறார்கள். (மிலானியின் வேறொரு நூலை 1958-இல் விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது திருப்பீடம், 2017-இல் திருத்தந்தை பிரான்சிசு அவர் கல்லறைக்கே சென்று செபித்தார். திருச்சபைக்கும் சில பாடங்கள் மெதுவாகவே ஏறுகின்றன.)

ஆயினும் இந்நூலில் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. சிறுமியர் ஏன் பார்பியானாவுக்கு வரவில்லை என்பதைப் பெற்றோரின் மனப்போக்கின்மேல் சுமத்திச் சில வரிகளில் கடந்துவிடுகிறார்கள். பிறர் அநீதியைப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டவர்கள், தம் மேசையில் வெறுமையாயிருந்த இருக்கைகளை எண்ணவில்லை. காஞ்சியிலும் மகன் கல்லூரி செல்லும் வீட்டில் ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பவள் அவன் அக்காளே.