எந்த போர்ட்டு, தம்பி?

காட்டூர் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். "ஐயா, ஃபோர்ட்டுக்கு எப்படிப் போறது?" நான் தேடிப் போனது 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கெல்ட்ரியா கோட்டையை. அவர் திருப்பிக் கேட்டார்: "எந்த போர்ட்டு, தம்பி? எண்ணூரா, காட்டுப்பள்ளியா?"

கோட்டை என்று சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை. பத்து வருஷம் ஐடி கம்பெனியில் உட்கார்ந்தவன் வாயில் அது சட்டென்று வரவில்லை. ஆனால் அந்தக் குழப்பத்துக்கு நான் நன்றி சொல்லணும். நாள் முழுக்க நான் புழங்கும் ஒரு சொல்லை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

ஆபீஸில் "8080 போர்ட்டைத் திற" என்பேன். அடுத்த மீட்டிங்கிலேயே "பழைய கோடைப் புது சிஸ்டத்துக்கு போர்ட் பண்ணு" என்பேன். இரண்டும் ஒரே சொல் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. முதலாவது லத்தீனில் வாசலைக் குறிக்கும் 'போர்த்தா'விலிருந்து வந்தது. (யுனிக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்க ரூட் உரிமை வேண்டும், வாசல் என்று இருந்தால் காவலாளியும் இருப்பான்போல.) இரண்டாவதன் மூலம் 'போர்த்தாரே', சுமந்து செல்வது. ரயில் நிலையத்து போர்ட்டர் இந்தக் குடும்பம். கப்பல் வந்து நிற்கும் போர்ட், 'போர்த்துஸ்' என்ற மூன்றாவது சொல்.

இன்னும் இருக்கிறது. கப்பலின் இடப்பக்கத்துக்கும் போர்ட் என்றுதான் பெயர். முன்பு அதை லார்போர்டு என்றார்கள். வலப்பக்கமான ஸ்டார்போர்டோடு அது காதில் குழம்பியதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டது. போர்ட் ஒயின், போர்த்தோ நகரத்தின் பெயரால் வந்தது. போர்ச்சுகல் என்ற நாட்டுப் பெயரே 'போர்த்துஸ் காலே'தான். டச்சுக்காரர்களுக்கு முன்னால் பழவேற்காட்டுக்கு வந்த பறங்கியர் தங்கள் பெயரிலேயே ஒரு துறைமுகத்தைச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. போர்த்தாவும் போர்த்துஸும் உறவுக்காரச் சொற்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது 'கடந்து போவது' என்ற பொருள். ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடத்தைச் சொல்லும் ஆங்கில 'ஃபோர்டு'கூட இதே வேரில் முளைத்ததுதான். கிரேன், கன்டெய்னர், சுற்றுச்சுவர் எதுவும் அந்த வேரில் இல்லை. மனிதன் தண்ணீருக்குள் இறங்க ஒரு இடம், அவ்வளவுதான்.

அதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் உண்டு: துறை. படித்துறை, பரிசல் துறை. அப்புறம் அது அகத்துறை, புறத்துறை என்று கவிதைக்குள் போனது, மீன்வளத்துறை என்று அரசாங்கத்துக்குள் போனது. இறங்கும் இடமாக இருந்தது மனு கொடுக்கும் இடமாக ஆன கதை தனி.

இப்போது நம் அகராதிகளோடு எனக்குள்ள சண்டைக்கு வருகிறேன். போர்ட் என்றால் துறைமுகம். முடிந்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைப் படிக்கிற மீனவருக்கு 'துறைமுகம்' என்ற சொல் என்ன சொல்லும்? அதற்குள் துறை இருக்கிறது. தன் படகைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம். கன்டெய்னர் போர்ட்டில் ஃபைபர் படகுக்கு இடமில்லை. அங்கே இருப்பது அடையாள அட்டை கேட்கும் கேட். சொல் அழைக்கிறது, இடம் விரட்டுகிறது.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்தின் கணக்கு சின்னதல்ல. 330 ஏக்கர் 6,111 ஏக்கராகும். ஆண்டுக்கு 2.465 கோடி டன் என்ற திறன் 32 கோடி டன்னாகும். மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் மறுபடியும் தள்ளிப்போனது. ஆதரவாகப் பேசுவோர் கையில் இருக்கும் பெரிய சொல் 'வேலைவாய்ப்பு'. அதன் ஆங்கிலமான ஆப்பர்ச்சூனிட்டிக்குள்ளும் ஒரு போர்ட் உட்கார்ந்திருக்கிறது. கப்பலைத் துறை நோக்கித் தள்ளும் நல்ல காற்றுக்கு ரோமானியர் சொன்ன சொல்லிலிருந்து வந்தது அது. காற்று யாருடைய துறையைப் பார்த்து அடிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏரிக்கரை மீனவர்கள் பல வருஷமாகக் கேட்பது வேறொரு வாசலை. பழவேற்காடு ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிறது. இறாலும் மீனும் உள்ளே வருவது அந்த வழியாக. படகு கடலுக்குப் போவதும் அதே வழியாக. முகத்துவாரத்தில் இருக்கும் துவாரமும் ஆங்கில 'டோர்' என்ற சொல்லும் ஒரே வேர். ஆக, பழைய அர்த்தத்தில் அசல் போர்ட் அதுதான். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இப்படித்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு.

சொல்லை மாற்றினால் மணல் நின்றுவிடுமா என்று நண்பன் கேட்டான். நிற்காது. ஆனால் கருத்துக்கேட்பு என்பதே சொற்களால் நடக்கும் காரியம். அங்கே முதல் சொல்லே கோணலாக இருந்தால் மீதி எப்படி நேராகும்?

நம்ம இணைய இலக்கிய வட்டத்தில் 'போர்ட்டு' என்று எழுதினால் சோம்பேறித்தனம், 'துறைமுகம்' என்று எழுதினால் மொழிப்பற்று. நானும் அப்படித் திருத்திக்கொண்டிருந்தவன்தான். காட்டூரில் அந்தத் திருத்தும் கை கொஞ்சம் தயங்கியது. அந்தப் பக்கத்துப் பேச்சில் நான் கேட்டவரை, சுவருக்குள் இருப்பது போர்ட்டு. படகு நிற்பது துறை. இரண்டையும் அவர்கள் கலப்பதில்லை. தன் சொல்லை அதற்குக் கொடுக்காமல் வெளியூர்க்காரன் சொல்லாலேயே அதைக் கூப்பிடுகிறார்கள். இதைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு இப்போது மனசில்லை. அகராதி செய்யத் தவறிய வேலையை அந்த 'ட்டு' செய்கிறது.

பெரியவருக்குக் கடைசியில் விளங்கிவிட்டது. "ஓ, டச்சுக்காரன் கோட்டையா? அங்க என்னா இருக்குது, செடிதான் மண்டிக் கிடக்கும்" என்றார். பழவேற்காடு பஸ் எங்கே நிற்கும் என்று கையைக் காட்டிவிட்டு, டீ கிளாஸைக் கழுவ வைத்தார்.