மேப்பிளில் எழும் புலிவரிகள்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் குடியேறிகள் வடித்த நீள்துப்பாக்கியை இன்று பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கோக்கலாம். வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழல்வாய் வழியே கெட்டிக்கும் வகை. குழலை மரத்தில் பதிக்கப் பொறுமை வேண்டும்: புகைக்கரி தடவி அழுத்தி, கறை பட்ட இடத்தை மட்டும் சீவ வேண்டும். ஆனால் என் மனம் கிடப்பது மெருகில்தான். துப்பாக்கியின் வெளிறிய மேப்பிள் கட்டையில் இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசினால் மரம் அழுக்குப் பச்சையாகிறது. கெடுத்துவிட்டோமோ என்று நெஞ்சு பதறும். சூடு காட்டியதும் செம்பழுப்பு ஓடிவந்து, புலிவரிகள் ஒவ்வொன்றாக எழும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில், நாள்கணக்கில். குழலைத் துருவேறவிட்டு, தேய்த்து, மீண்டும் துருவேற்றினால் அதுவும் பழுக்கிறது. கட்டையை வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த வரிகள் நகர்கின்றன.