பகிரக்கூடாத கோப்பை

டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் கப்பல் கட்டுரையை முதன்முதலில் கல்லூரி இறுதியாண்டில் படித்தேன். விடுதி அறையில் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. இரண்டாம் முறை படித்தது போன வருடம், சித்தப்பாவையும் சித்தியையும் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் கூட்டிப்போய் வந்த பிறகு. இந்தத் தடவை சிரிப்பு குறைவாகத்தான் வந்தது. கட்டுரையில் ஏதோ ஒரு இடம் காலியாக இருப்பதாகத் தோன்றியது. அது எந்த இடம் என்று தேடிப்பார்த்ததுதான் இது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். 1995 மார்ச்சில் 'ஹார்ப்பர்ஸ்' இதழ் வாலஸை ஏழு இரவுக் கரீபியன் பயணத்துக்கு அனுப்பியது. கப்பலின் பெயர் ஜெனித். உச்சி என்று பொருள். வாலஸ் தன் கட்டுரையில் அதை நேடிர் என்று மாற்றிக்கொண்டார். உச்சிக்கு நேரெதிரான அடிப்புள்ளி. 1996 ஜனவரியில் இதழில் வந்து, அடுத்த வருடம் அவருடைய கட்டுரைத் தொகுப்பின் தலைப்புக் கட்டுரையானது. அவர் வாதம் எளிமையானது. கப்பல் நம்மைக் குழந்தையாக்குகிறது. கேட்பதற்கு முன்பே எல்லாம் கிடைக்கிறது. ஆனால் நமக்குள் இருக்கும் குழந்தைக்குப் போதும் என்பதே தெரியாது. கொடுக்கக் கொடுக்க அதன் குறைபாடுதான் வளரும். அந்த இடத்தில் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது என்கிறார்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒரு பெட்டி பற்றியது. வாலஸ் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார். கூச்சம்தான் காரணம். நம்மைவிடச் சிறிய ஆள் ஒருவன் நம் பெட்டியைச் சுமப்பதா என்ற கூச்சம். பிறகுதான் தெரிகிறது, அந்தச் சுமைப் பணியாளருக்கு அதனால் மேலிடத்தில் திட்டு. சமத்துவம் காட்டப்போய் ஒரு தொழிலாளியின் வேலைக்கே ஆபத்து கொண்டுவந்துவிட்டார். கப்பல் நாகரிகத்தின் மொத்த விதியும் அதில் இருக்கிறது: நீ வாங்கிக்கொள்ள மட்டும்தான் வந்திருக்கிறாய், எதையும் கொடுக்க முயலாதே.

எங்கள் பயணத்துக்கு வருகிறேன். சித்தப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஆண்டிமடம். சாயங்காலம் டியூட்டி முடிந்தால் கடைக்குப் பக்கத்துப் பாரில் ஒரு குவார்ட்டர். அதற்கு மேல் போனதில்லை என்பார். சித்தி அதை ஆமோதித்தும் பேசியதில்லை, மறுத்தும் பேசியதில்லை. சித்திக்கு வேலை வீட்டிலேயே. முந்திரிக்கொட்டை உடைப்பது. ஆண்டிமடத்தைச் சுற்றி முந்திரிக்காடு. கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் விரலைப் பொசுக்கும், தோல் கறுத்து உரியும். சித்தியின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறுப்புதான்.

கப்பலில் மதுவுக்குத் தனியாக ஒரு பொதித்திட்டம். ஒரு தொகை கட்டிவிட்டால் வேண்டிய அளவு குடிக்கலாம். உலகம் முழுக்கப் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றில் இதே திட்டம்தான், விதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு கோப்பை. உங்கள் கோப்பையை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அட்டையில் இரண்டு பேர் குடித்துவிடுவார்களாம். 'வேண்டிய அளவு' என்பதற்கும் சில இடங்களில் கணக்கு உண்டு. அமெரிக்காவின் கார்னிவல் கப்பல்களில் 24 மணி நேரத்துக்கு 15 மது வரை. நான் மென்பொருள்காரன், எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஆளுக்கொரு உரிமம் என்று விற்போம். மென்பொருளை அல்ல, ஒரு தலையை விற்கிறோம். கடவுச்சொல்லைப் பக்கத்து இருக்கைக்காரனுக்குக் கொடுத்தால் அது திருட்டு.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு 'ஹேப்பி ஹவர்' ஆரம்பித்தது. ஒரு கிளாஸ் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "இந்தாடா தம்பி, ஒரு வாய் பாரு, நல்லாருக்கு." பார்க்காரப் பையன் சிரித்தபடியே வந்து, "சார், பகிரக்கூடாது" என்றான். தமிழ்ப் பையன்தான். சித்தப்பா முகம் சுண்டிப்போனது. "என் கிளாஸை நான் குடுக்குறேன், இவனுக்கென்னா?" நான் உரிமக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன்டா நானு. ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேரு போகக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இது டிக்கெட் இல்லடா, வாயி" என்றார்.

நம் ஊர் பார்களின் வழக்கம் தெரியாமல் அவர் கோபம் புரியாது. 'கட்டிங்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கையில் பாதிக் காசுதான் இருக்கிறது என்றால், கடை வாசலில் அதே நிலையில் நிற்கும் இன்னொருவரைத் தேட வேண்டும். முன்பின் தெரியாதவர். "கட்டிங் போடலாமாண்ணே?" இருவரும் காசு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, சரிபாதி. பங்கு பிரிப்பவர் எடுக்கக்கூடாது, மற்றவர் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் டம்ளர்தான் அவருக்கு என்பது சித்தப்பா சொல்லும் சட்டம். சாதி கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. குடித்து முடித்தால் அவரவர் வழி. கப்பலில் குற்றமாக இருப்பது இங்கே அடிப்படை மரியாதை.

கடலிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரிட்டிஷ் கடற்படையில் 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்தார்கள். ஒருவர் பங்கை மற்றவருக்குக் கொடுப்பதை மேலிடம் அனுமதிக்கவில்லை. ஆனால் மாலுமிகளுக்குள் அதுதான் நாணயம். சின்ன உதவிக்கு ஒரு உறிஞ்சல், பெரிய உதவிக்கு ஒரு மிடறு என்று அளவுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். 'ஹேப்பி ஹவர்' என்ற சொல்லும் கப்பலில் வளர்ந்ததுதான். 1913 வாக்கில் அமெரிக்கப் போர்க்கப்பலான ஆர்கன்சாவில் மாலுமிகளின் கேளிக்கை நேரத்துக்கு அந்தப் பெயர். குத்துச்சண்டை, இசை, திரைப்படம். 1914 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் மதுவே தடை. ஆக, எல்லோரும் சேர்ந்திருந்த நேரத்துக்கு வைத்த பெயர், பின்னால் மலிவு விலை நேரத்துக்குப் பெயராகிவிட்டது.

இங்கேதான் எனக்குப் புறநானூற்றின் 235ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. முதலில் வருவதே கள்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தை அவன் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடத்திலெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் நுழையும் இடத்தில் தான் நிற்பான். ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்' என்ற இடைச்சொல். கழிந்துபோனது, இனி இல்லை என்ற இரக்கத்தைத் தருவது.

பலரும் இதை வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு நிபந்தனை வாக்கியமாகத் தெரிகிறது. சிறிது என்றால் இப்படி, பெரிது என்றால் அப்படி. நிரல் எழுதுகிற எவனுக்கும் பழக்கமான வடிவம். கப்பலின் விதிப்புத்தகத்தில் முதல் கிளையே இல்லை. அங்கே மது 'சிறிது' ஆவதற்கு வழியில்லை. எவனுக்கும் குறையாத இடத்தில் கொடுப்பதற்கு அர்த்தம் என்ன? கொடுக்கிறவன் எதையும் இழப்பதில்லை. இழப்பதெல்லாம் நிறுவனம்தான், அதனால்தான் அது திருட்டாகிறது. வாலஸ் கண்ட துக்கத்துக்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். அவர் சொல்வதுபோல வாங்கி வாங்கித் திகட்டியதல்ல பிரச்சினை, ஏழு நாளும் அவரால் யாருக்கும் எதையும் கொடுக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கியது ஒன்றுதான் அவர் செய்த முயற்சி, அதுவும் தப்பாகப் போனது. அவர் தனியாக வந்தவர் வேறு. கட்டுரையில் நான் கண்ட காலி இடம் பக்கத்து நாற்காலி.

இத்தோடு முடித்திருந்தால் இது நல்லபிள்ளைக் கட்டுரையாக இருந்திருக்கும். சங்கப் பாட்டும் டாஸ்மாக் கட்டிங்கும் ஒரு பக்கம், மேல்நாட்டுக் கப்பல் மறுபக்கம், நாம் ஜெயித்தோம். என்னை அப்படி முடிக்க விடாதவர் சித்தி.

ஒரே அறை விதியினால் சித்திக்கும் பொதித்திட்டம் வாங்க வேண்டியதாயிற்று. சித்தப்பா புலம்பினார். சித்தி, "காசு குடுத்தாச்சுல்ல, நானும் வர்றேன்" என்று இரண்டாம் நாள் பாருக்கு வந்துவிட்டார். உயரமான நாற்காலியில் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மாம்பழச்சாறு கேட்டார். பையன் குட்டிக் குடை சொருகிக் கொண்டுவந்து, "வாங்கம்மா" என்றான். கூடவே ஒரு கிண்ணம் உப்பு போட்ட முந்திரி. சித்தி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "முழுப்பருப்பு. ஒன்னுகூடப் பிளவு இல்ல." அப்புறம் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா பக்கம் திரும்பி, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "முப்பது வருசமா நீங்க போயி உக்காந்த எடம் எப்புடி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல."

சித்தப்பா, "இது மாதிரியா இருக்கும்? அது வேற" என்றார்.

"வேறதான். அங்க நான் வர முடியாது."

கட்டிங்கில் சாதி கேட்பதில்லை என்று எழுதினேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று வாசலிலேயே முடிந்துவிடுகிறது என்பதை எழுதவில்லை. ஊர்ப் பாரில் முன்பின் தெரியாதவனுக்குப் பாதி கிடைக்கும். வீட்டில் கொட்டை உடைக்கிறவளுக்கு அங்கே நாற்காலி கிடையாது. அந்தச் சரிபாதியில் அவள் காசும் சில நாள் இருந்திருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003இல் அரசு கைக்கு வந்தது. கள்ளுக்கு 1987 முதல் தடை. ஔவை பாடிய பானம் சட்டவிரோதம், அரசு விற்பது சீமைச்சரக்கு. காசில்லாதவன் சாராயத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூன் கள்ளக்குறிச்சி இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கேயும் பகிர்ந்துதான் குடித்திருப்பார்கள். பகிர்வதாலேயே ஒரு கோப்பை நல்லதாகிவிடாது.

அப்படியானால் 235? மறுபடி படித்தேன். அந்தப் பாட்டைப் பாடியது ஒரு பெண். 'எங்களுக்குக் கொடுப்பான்' என்பதில் அவளும் இருக்கிறாள். அவள் அந்த அவையில் உட்கார்ந்து குடித்தவள், அதைச் சொல்ல வெட்கப்படாதவள். நாம் என்ன செய்தோம்? அவளையும் பல நூற்றாண்டு பிந்திய இன்னொரு ஔவையையும் ஒன்றாகக் குழைத்து, 1953இல் வாசன் எடுத்த படத்தில் வருவதுபோல் திருநீறும் கோலுமாக ஒரு பாட்டியை மனதில் வைத்துக்கொண்டோம். கோலைக் கொடுத்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டோம். கோப்பையோடு நாற்காலியும் போனது. அதியமானின் மரபு என்று பாரைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அதில் பாதியைத்தான் வைத்திருக்கிறோம்.

கப்பல் சித்திக்கு நாற்காலி கொடுத்தது. பெண் விடுதலைக்காக அல்ல, இரண்டாவது தலைக்கும் காசு வாங்குவதற்காக. ஆனாலும் கொடுத்தது. தலைக்கு விலை போடுகிற இடத்தில் பெண்ணும் ஒரு தலையாக எண்ணப்படுகிறாள். வாலஸ் இதைப் பார்த்திருக்க வழியில்லை, அவருக்கு எந்தக் கப்பலிலும் நாற்காலி மறுக்கப்பட்டதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கப்படுவதன் துக்கத்தை எழுத, முன்பே நிறையக் கிடைத்திருக்க வேண்டும். முப்பது வருடம் கொட்டை உடைத்தவருக்கு யாரோ ஒருவன் "வாங்கம்மா" என்று சாறு கொண்டுவந்து வைப்பது குழந்தையாக்கம் அல்ல. பாக்கி வசூல்.

கடைசி இரவு சித்தி சாற்றில் பாதியைக் குடித்துவிட்டுக் கிளாஸை சித்தப்பா பக்கம் நகர்த்தினார். "எனக்குப் போதும். நீங்க குடிங்க." சித்தப்பா பையனைப் பார்த்தார். பையனும் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கிளாஸ்களை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். சித்தப்பா குடித்து முடித்துக் காலி கிளாஸைத் தானே மேடைக்குக் கொண்டுபோனார். வாலஸின் பெட்டி ஞாபகம் வந்து எனக்குப் பதறியது. பையன் வாங்கி வைத்துக்கொண்டான், ஒன்றும் ஆகவில்லை.

வாலஸின் கட்டுரையை இப்போதும் நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். கூடவே 235ஐயும் படிக்கச் சொல்கிறேன், பாடுகிறவள் யார் என்பதை மறக்காமல். ஊருக்குப் போன பிறகு சித்தப்பா குவார்ட்டரை வீட்டுக்கு வாங்கி வந்து திண்ணையில் உட்கார்கிறாராம். சித்தியிடம் போனில் கேட்டேன், பரவாயில்லையா என்று. "குடிக்கிறது குறையல. ஆனா முந்திரி வறுத்துக் குடுன்னு கேக்குறாரு. நானும் பக்கத்துல உக்காந்து திங்கிறேன். முழுப்பருப்பு எனக்கு, குருணை அவருக்கு" என்றார்.