சாரலும் சால்னாவும்: தென்காசிச் சீமையின் புரோட்டா மரபு

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் வழியில் பிரானூர் இருக்கிறது. அந்த ஊரைப் ‘பிரானூர் பார்டர்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர் – கொச்சியைச் சேர்ந்தது. சென்னை மாநிலத்தின் எல்லை இந்த இடத்தோடு முடிந்தது. மாநில மறுசீரமைப்பில் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய்விட்டது. இப்போது பிரானூரைத் தேடி வருகிறவர்கள் வருவது புரோட்டாவுக்காகத்தான்.

இந்தச் சாலையில் சாப்பாட்டுக் கடைகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்குப் போகிற சரக்கெல்லாம் இந்தப் பக்கமாகத்தான் மலையேறுகிறது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி போகிறது. பிரானூரைச் சுற்றி மர அறுவை மில்களும் இருக்கின்றன. இரவில் வண்டியை நிறுத்தி இறங்குகிற ஓட்டுநருக்குச் சூடாகவும் சீக்கிரமாகவும் வயிறு நிறையும்படியும் ஏதாவது வேண்டும். அதோடு குற்றால சீசன். ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று அதே கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பேரருவியிலோ ஐந்தருவியிலோ பழைய அருவியிலோ நின்றுவிட்டு வருகிறவனுக்கு எடுக்கிற பசி சாதாரணப் பசி அல்ல. அந்தப் பசிக்குப் பக்கத்திலேயே விடை வைத்திருந்ததால்தான் பிரானூரின் ரஹ்மத் கடை போன்றவை தமிழ்நாடு முழுக்கப் பெயர் பெற்றன.

பார்டர் பாணியின் இலக்கணம் எளியது. புரோட்டா சிறிதாக இருக்கும், மெத்தென்று இருக்கும். வாழை இலையில் வைத்துப் பிய்த்துப் போட்டு, மேலே கோழிச் சால்னாவைத் தாராளமாக ஊற்றுவார்கள். சால்னா ஓடுகிற பதத்தில் இருக்க வேண்டும். பெருஞ்சீரகமும் மிளகும் தூக்கலாக, தேங்காய் அளவாக. புரோட்டா அதில் ஊறவேண்டும், ஆனால் கூழாகக் கூடாது. துணைக்கு மிளகுக் கோழி, நாட்டுக்கோழி வறுவல், காடை. இந்தக் காடை பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. முழுதாகப் பொரித்து வைப்பார்கள். எலும்போடு மெல்லுவதே அதன் சுவை.

இதற்கு நேர் எதிரான பள்ளி விருதுநகர். அங்கே எண்ணெய் புரோட்டாதான் ராஜா. தட்டையான பெரிய கல்லின் நடுக்குழியில் எண்ணெய் நிற்க, அதில் புரோட்டாவைப் பொரித்தெடுக்கிறார்கள். மேல் அடுக்கு மொறுமொறுப்பாக உடையும், உள்ளே இளக்கம் இருக்கும். பர்மா கடையின் பெயரைச் சொல்லாமல் விருதுநகர்ப் புரோட்டாவைப் பேச முடியாது. தூத்துக்குடிக்காரர்களும் பொரித்த புரோட்டாவில் சளைத்தவர்கள் அல்லர். அவ்வூரில் புரோட்டாக் கடைகளை ‘நைட் கிளப்’ என்றே அழைப்பார்கள். மாலையில் கல் சூடேறினால் நள்ளிரவு தாண்டியும் ஆறாது. மதுரை தன் பங்குக்குப் பன் புரோட்டாவைத் தந்தது: தடிமனாக, உப்பலாக, அடுக்குகள் நெகிழ்ந்து நிற்கும். மலைக்கு அப்புறம் கேரளத்தில் அடுக்கு இன்னும் தெளிவாகப் பிரிந்திருக்கும். தொட்டுக்கொள்ளச் சால்னாவைவிடக் கெட்டியான மாட்டிறைச்சி வறுவலையே அங்கே விரும்புகிறார்கள். தென்காசி இந்த எல்லாப் பள்ளிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கிலிருந்து சால்னாவையும் மேற்கிலிருந்து மென்மையையும் எடுத்துக்கொண்டது என்று சுவைத்தவர்கள் சொன்னால் மறுப்பதற்கில்லை.

ஒரே மாவில் எத்தனை உருவங்கள்! சுருட்டாமல் மெல்லிசாக வீசிப்போட்டால் வீச்சு. அதில் முட்டை ஊற்றினால் முட்டை வீச்சு. கறியும் வெங்காயமும் வைத்துச் சதுரமாக மடித்தால் கறி லாப்பா. கல்லில் போட்டுச் சால்னாவும் முட்டையும் சேர்த்துக் கொத்தினால் கொத்துப் புரோட்டா. அந்தத் தாளம் இலங்கைக்கும் பொதுவானது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துகிற ஓசையைக் கேட்டே கடை இருக்கும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம்.

கடல் தாண்டியும் இந்த மரபு போயிருக்கிறது. மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா என்று காலைப் பலகாரமாகவே அது மாறிவிட்டது. கறி அடைத்து மடித்த முர்தபாவைச் சிங்கப்பூர் நார்த் பிரிட்ஜ் சாலையின் ஜம் ஜம் உணவகம் 1908 முதல் விற்கிறது. தென்காசிச் சீமையின் கடையநல்லூருக்கும் அந்த நகருக்கும் உறவு பழையது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கப்பட்டது. கடையநல்லூர்த் தெரு என்று ஒரு தெருவே அங்கே இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்புகிற சிங்கப்பூர்க் குடும்பங்கள் இரண்டு நாட்டுப் புரோட்டாவையும் ஒப்பிட்டுப் பேசுவதைக் கடையநல்லூர், தென்காசிக் கடைகளில் கேட்கலாம்.

எந்தப் பள்ளியானாலும் தரத்துக்கு அளவுகோல் உண்டு. முதலாவது மாவு. மைதா, உப்பு, தண்ணீர், எண்ணெய். சிலர் சர்க்கரை, முட்டை, பால் சேர்ப்பார்கள். பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி மணிக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஊறாத மாவு வீசும்போதே கிழியும். கிழியாவிட்டால் தின்னும்போது ரப்பராக இழுக்கும். இரண்டாவது வீச்சு. மேடையில் அடித்து வீசும்போது மாவு அடுத்த பக்கம் தெரிகிற அளவு மெலிய வேண்டும். அப்போதுதான் சுருட்டியபின் அடுக்கு வரும். மூன்றாவது சூடு. கல் அதிகம் காய்ந்தால் வெளியே கருகி நடுவில் மாவு பச்சையாக நிற்கும். நான்காவது அடி. ஐந்தாறை அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் தட்டும்போது அடுக்குகள் பூப்போல விரிய வேண்டும். விரலால் கிள்ளினாலே பிய்ந்து வந்தால் மாஸ்டர் தேறிவிட்டார் என்று பொருள்.

சால்னாவுக்கும் தேர்வு உண்டு. மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயைப் பார்த்து ஏமாறக் கூடாது. கரண்டியால் விலக்கிவிட்டு அடியில் இருப்பதைச் சுவைக்க வேண்டும். அன்று அரைத்த மசாலாவா, பொடியைக் கரைத்ததா என்பது முதல் வாயிலேயே தெரியும். கறி போடாத எம்டி சால்னாவை வைத்தே ஒரு கடையை எடை போடலாம்; துண்டுகளின் துணையில்லாமல் அது தனியே நின்றாக வேண்டும்.

எண்ணெய்க்குச் சட்டமே இருக்கிறது. பொரிக்கிற எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுக்கும், பிசுபிசுக்கும், சீக்கிரம் புகையும். கூட்டம் அலைமோதும் சீசன் மாதங்களில்தான் இந்தக் கவனம் அதிகம் தேவை.

புரோட்டாவோடு இந்தச் சீமையின் சாப்பாடு முடிந்துவிடாது. சங்கரன்கோவிலில் சுல்தான் பிரியாணிக்கென்றே ஆட்கள் வண்டி பிடித்து வருகிறார்கள். குற்றாலத்துக் கடைவீதியில் நேந்திரம் சிப்ஸைக் கண்முன்னே தேங்காய் எண்ணெயில் சீவிப் போடுகிறார்கள். மிளகாய் பஜ்ஜியும் நன்னாரி சர்பத்தும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் பக்கத்திலேயே கிடைக்கும். சைவர்களுக்கு நெல்லைச் சொதியும் கூட்டாஞ்சோறும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் வீட்டுச் சமையலாகவே தங்கிவிட்டன. மறுவீட்டு விருந்தில் சொதி சாப்பிட்ட வெளியூர்க்காரர் மறுநாள் அதைக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. சாரல் விழாவுக்கு வருகிறவர்களுக்கு அருவிகளின் பட்டியலைக் கொடுப்பதுபோல், இந்த மாவட்டத்து உணவையும் முறையாக அறிமுகப்படுத்த வேண்டும். கடைக்காரர்கள் மசாலாவை அன்றன்று அரைக்கட்டும், எண்ணெயை மாற்றட்டும், சீசன் முடியும்வரையிலாவது சொதியை ஒரு வேளை பரிமாறட்டும். சாப்பிட வருகிறவர்கள் பிளாஸ்டிக் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடாமல், உட்கார்ந்து இலையில் சாப்பிடட்டும். கல்லிலிருந்து இறங்கிய சூட்டில், சால்னா ஊறுகிற அந்தச் சில நிமிடத்தில்தான் பார்டர் புரோட்டா தன் முழுத் தரத்தில் இருக்கிறது.