பெயர் சுட்டா உருவங்கள்: ஜோர்ஜ் கீற்றின் ஓவியநெறி

இலங்கையின் நவீன ஓவியத்தைப்பற்றிப் பேசுவோர், ஜோர்ஜ் கீற்றை 'இலங்கையின் பிக்காசோ' என்று கூறி அமைந்துவிடுவர். புகழுரைபோலத் தோன்றும் இத்தொடர் உண்மையில் ஒரு குற்றச்சாட்டாகும். பாரிஸ் மாநகரில் உருவான நெறியொன்றைக் கண்டிக்குக் கொணர்ந்து, அதன்மேற் கண்ணன் என்றும் இராதை என்றும் பெயரெழுதி ஒட்டியவர் அவர் என்பதே அதன் உட்பொருள். இது பொருந்துமா என ஆராய்தல் வேண்டும். அவர் நம் அயலூரார் என்பதனால் மட்டுமன்று, அவர் எடுத்தாண்ட பொருள் நமக்கும் உரியது என்பதனால்.

கீற் 1901ஆம் ஆண்டு கண்டியிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். திரித்துவக் கல்லூரியிற் கற்றார். எந்த ஓவியப்பள்ளியிலும் முறைப்படி பயின்றவரல்லர். இளமையில் அவரை ஈர்த்தவை நூல்களும், வாவிக்கரையிலுள்ள மல்வத்தை விகாரையின் பௌத்தச் சூழலுமே. இருபத்தாறு வயதளவிலேதான் முழுமனத்துடன் தூரிகை ஏந்தினார். ஓவியக்கல்வி அதிகாரியாகவிருந்த வின்சரும், இசைஞரும் புகைப்படக் கலைஞருமாகிய லயனல் வென்றும் அவரை ஊக்கினர். அக்காலத்திற் சிலி நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்பில் வாழ்ந்த கவிஞர் பாப்லோ நெரூடா, பெயர் பரவாத அவ்விளைஞரின் ஓவியங்களை வியந்து எழுதினார். 1943இல் வென்றின் இல்லத்தில் தோன்றிய 'நாற்பத்துமூன்று குழு'வில் கீற் முதன்மையானவர். 1954இல் இலண்டனில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1993இல் மறைந்தார். இடையிற் பம்பாயில் வாழ்ந்த சில ஆண்டுகள் நீங்கலாக, நெடுங்காலம் கண்டியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையுமே வாழிடமாகக் கொண்டிருந்தார்.

குற்றச்சாட்டை எடைபோடுதற்கு நம் நகரிலேயே ஓர் உரைகல் உண்டு. திரித்துவக் கல்லூரி வழிபாட்டு மண்டபத்தின் சுவர்களில், கீற்றின் சமகாலத்தவரும் இலண்டன் அரச கழகத்திற் பயின்றவருமாகிய டேவிட் பெயின்ரர் தீட்டிய ஓவியங்கள் உள. தாடியில்லாத கிறிஸ்து, கண்டல் மரங்களிடையே சிலுவையில் தொங்குகின்றார். முகங்களும் நிலமும் நம் நாட்டினவாதலின், பார்ப்போர் அவற்றை 'நம்முடையவை' என்பர். கீற்றின் ஓவியங்களைக் கண்டால் 'அந்நியம்' என்பர். பெயின்ரர் பெரிய ஓவியர், ஐயமில்லை. ஆயின் ஒளியும் நிழலும் கொண்டு உடலைத் திரட்டிக் காட்டும் அவர் முறையன்றோ முற்றிலும் ஐரோப்பியம்!

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மகாவலியின் அக்கரையாகத் தும்பரைப் பக்கம் சென்றால், தெகல்தொருவைக் குகை விகாரையை அடையலாம். அதன் சுவரோவியங்கள், நாயக்க மரபினராகிய மன்னர் கண்டியை ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலே தீட்டப்பெற்றவை. செந்நிறத் தளம், நிழலில்லாத தட்டை வண்ணம், உருவத்தை வளைத்துப் பிடிக்கும் ஒரே கோடு, தொலைவு, அண்மை என்னும் வேறுபாடின்றி வரிசை வரிசையாக ஓடும் வெசந்தர சாதகக் கதை. கண்ணுக்குத் தெரிந்தவாறு வரைதல் அச்சித்திரகாரரின் நோக்கமன்று, அறிந்தவாறு வரைந்தனர். கீற்றின் தடித்த கோட்டையும் தட்டை வண்ணத்தையும் இவற்றின் பக்கத்தில் வைத்து நோக்குவார்க்கு, அவர் கொண்டது கடனா, மரபுரிமையா என்னும் ஐயம் எழாமற்போகாது. பிக்காசோவிடம் அவர் கற்றது உண்மை, மறைத்தற்கில்லை. எனினும் அவர் கற்றுக்கொண்ட பாடத்திற் பாதி வீட்டிலேயே கிடந்தது.

கீற் வடமொழிக் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து, கோட்டோவியங்களும் வரைந்து சேர்த்தவர். அந்நூல் 1940களிற் பம்பாயில் வெளிவந்தது. அட்டபதியைப் பஜனைகளிற் கேட்டுப் பழகிய நமக்கு அக்கதை புதிதன்று. ஆனால் அவர் வரைந்த பெண்ணை உற்று நோக்குக. நீண்ட விழியும், பக்கமுகமும் நேர்முகமும் ஒன்றிய தோற்றமும் கொண்ட அவள், எந்த ஊரினள், எக்குலத்தினள் என்று அறிதற்கிடமில்லை. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் இயற்பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் நீங்கினால்தான் ஒருத்தியின் துயர் எல்லார்க்கும் உரியதாகும். கீற்றும் இதனையே செய்கின்றார். அரூப ஓவியம் என்பது பொருளையே அகற்றிவிடுவது என்று பலர் கருதுகின்றனர். பொருளை வைத்துக்கொண்டு அதன் தனியடையாளத்தை அகற்றுவதும் அரூபத்தை நோக்கிய ஒரு வழியே. நம் சான்றோர் அவ்வழியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நடந்து பார்த்தவர்கள். அதே குழுவினராகிய ஜோர்ஜ் கிளாசன் இலண்டனிற் குடியேறியபின் உருவத்தையே நீக்கி முற்றரூபத்துக்குச் சென்றார். கீற் அவ்வெல்லைவரை சென்றும் உருவத்தைக் கைவிடவில்லை. அதனைக் கோழைமையென்று கூறுவார்க்கு யான் உடன்படேன்.

உடலைப் பிளந்து மீட்டும் இணைக்கும் கியூபிச முறை அவரிடம் வெறும் அணியாக நின்றுவிடவில்லை என்பதற்கு, வீமனும் சராசந்தனும் பொரும் ஓவியம் ஒன்றே போதும். இரு கூறாகப் பிறந்து அரக்கியால் ஒட்டப்பெற்றவன் சராசந்தன். இரு கூறாகவே கிழிக்கப்பட்டு மாண்டவன். கதையே பிளவும் இணைவுமாக இருக்கும்போது, அம்முறைக்கு இதனினும் பொருத்தமான பொருள் ஐரோப்பியருக்குங் கிடைத்ததில்லை.

இனி, குறையுங் கூறவேண்டும். 1950களுக்குப் பின்னர் வந்த ஓவியங்களுட் பல, முன்னையவற்றின் படிகளாகவே உள்ளன. அதே விழி, அதே கழுத்துவளைவு, அதே தழுவல். வாங்குவோர் பெருகினர், கை பழகிவிட்டது. மரபு வேறு, வார்ப்பு வேறு. ஐந்திணை மரபு சங்கப்புலவனுக்கு உயிர் கொடுத்தது. அதே மரபைத் துறைக்கொன்றாக அடுக்கிய பிற்காலக் கோவைகள் பலவற்றை இன்று தேர்வுக்குப் படிப்போரன்றி யார் படிக்கின்றனர்? பெயர் சுட்டாமை என்னும் நெறிக்கு இந்த அபாயம் என்றும் உண்டு. எல்லார்க்கும் உரியவளாக வரையப்பட்டவள், ஒருவர்க்கும் உரியவளல்லாத பொம்மையாகிவிடுவாள். கீற்றின் அன்பர்கள் இதனைச் சொல்லத் தயங்குவது அவருக்குச் செய்யும் தொண்டாகாது.

அவருடைய ஆற்றல் தளர்வின்றி நிற்பது, என் கருத்தில், கொழும்புப் பொரளையிலுள்ள கோதமி விகாரையிலே. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அதன் சுவர்களிற் புத்தர் சரிதத்தைத் தீட்டினார். அங்கே உடல் பிளக்கப்படவில்லை. வண்ணமும் அடங்கியே நிற்கின்றது. ஆளுயரத்தினும் பெரிய உருவங்களைக் கோடே தாங்குகின்றது. தெகல்தொருவையை முதலிற் பார்த்துவிட்டு அங்கே செல்லும் மாணவன், பிக்காசோவின் பெயரை நினைப்பதற்குமுன் நெடுநேரம் நின்று பார்ப்பான்.