கொடுத்தால் குறைய வேண்டும்

சவர்டோ என்னும் புளித்தமாவு ரொட்டியை வாழ்க்கைக்கு வழிகாட்டியாக்கும் பேச்சு 2020 ஊரடங்கில் சூடுபிடித்தது, இன்னும் ஓயவில்லை. சீசாவில் மாவையும் தண்ணீரையும் புளிக்கவைத்தவர்கள் அதிலே ஒரு சமூகப் பாடத்தையும் கண்டார்கள். பொறுத்திரு, ஊட்டு, பகிர். படைப்பூக்கம் மீளும், அக்கம்பக்கம் தழைக்கும் என்பது அந்தப் பாடம். நம் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: இதையெல்லாம் இட்லி மாவில் நம் பாட்டிமார் எப்போதோ கண்டுவிட்டார்களே! எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

புளிப்பு கற்றுத்தரும் பொறுமை உண்மையானது. எழுதுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் அது உதவும். ஊறாத எண்ணம் பொங்காது. மனம் சோர்ந்த நாட்களில் மாவு பிசைந்து தேறியவர்களும் உண்டு. அதில் தகராறே இல்லை.

இட்லி ஒப்புமைதான் முதலில் உதிர்கிறது. சவர்டோவுக்கு ஊட்டி வளர்க்கும் தாய்மாவு வேண்டும். இட்லிக்கு வேண்டாம். நாலுக்கு ஒன்று என்று அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்துக் கரைத்துவைத்தால், அவற்றோடு வரும் நுண்ணுயிர்களே மாவைப் பொங்கவைத்துவிடும். அவற்றில் முக்கியமானது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்று 1965-லேயே ஆய்வு காட்டியிருக்கிறது. நம் வீடுகளில் கைமாறிக் கைமாறி உயிர்வாழ்வது உறைமோர்தான்.

என் நெடுநாள் மறுப்பு பகிர்தலைப் பற்றியது. 50 கிராம் தாய்மாவுக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் ஊட்டினால் 150 கிராம் ஆகிறது. எதையும் எடுக்காமல் நாள்தோறும் இதே விகிதத்தில் ஊட்டினால் ஏழாம் நாள் 109 கிலோ. ஆகவே ஒவ்வொரு முறையும் பெரும்பகுதியை எடுத்தே ஆகவேண்டும். தோசையாக வார்க்கலாம், கொட்டலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுப்பவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை, பாரம்தான் குறைகிறது. மிஞ்சியதைக் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அதைச் சமூகப் பராமரிப்பின் இலக்கணமாக வைத்தால், இழப்பில்லாமல் ஒருவரை ஒருவர் தாங்கலாம் என்ற பொய்யை அது சொல்லித்தருகிறது.

உறைமோருக்கும் இதே கதிதான். ஒரு கரண்டி கொடுத்தால் நம் வீட்டுத் தயிர் குறைந்தா போகும்? அப்படியிருந்தும் விளக்கு வைத்தபின் கொடுக்காதே, வெள்ளிக்கிழமை கொடுக்காதே என்று எத்தனை கதவுகள் போட்டோம்! குறையாத பொருளுக்கே இத்தனை தாழ்ப்பாள் போட்டவர்கள், குறைகிற பொருளை எப்படிக் கொடுத்தோம் என்பதல்லவா கேள்வி? தூக்கம் குறையும், காசு குறையும், உடம்பு தேயும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்கடியில் பாய் விரித்து ஒரு ராத்திரி படுத்தவருக்கு இது தெரியும். சீசாவை வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கைலாசபுரம் பெல் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அம்மா டைஃபாய்டில் மூன்று வாரம் படுத்துவிட்டார். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த ஆந்திராக்கார அத்தை தன் வீட்டுக்கு அரைத்து முடித்து, ஆட்டுக்கல்லைக் கழுவி, எங்களுக்கும் உளுந்து போட்டு ஆட்ட உட்காருவார். குழவி சுற்றும் சத்தம் பத்து மணி தாண்டியும் கேட்கும். இரண்டாம் வாரம் அவர் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு மறுபடி ஆட்டினார். பின்னால் அவர் மகள் பிரசவத்துக்கு வந்தபோது அம்மா பத்து நாள் அந்த வீட்டு அடுப்பங்கரையில்தான் இருந்தார்.

இந்தப் பராமரிப்பு தானாகப் பொங்கவில்லை. ஒருத்தி தன் கையைத் தேய்த்தாள், இன்னொருத்தி அதைக் கடனாக மனத்தில் எழுதிவைத்தாள். படைப்புக்கு உவமை வேண்டுமானால் தாய்மாவை வைத்துக்கொள்ளுங்கள். அண்டை அயலுக்கு அது போதாது.

அந்த அத்தை வீட்டில் நாங்கள் உறைமோர் வாங்கியது எத்தனை தடவையோ. அம்மா அதை ஒருநாளும் சொன்னதில்லை. கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த மூன்று வாரத்தை மட்டும்தான்.