க்ரோபோட்கின் பார்த்த மான்கள்

‘வல்லவன் பிழைப்பான், மற்றவன் போகட்டும்’ என்பதுதான் காட்டின் சட்டம் என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். பி.காம். வகுப்பில் ஒருபடி மேலே போய், மார்க்கெட்டின் சட்டமும் அதுதான் என்றார்கள். ‘டார்வினே சொல்லியிருக்கார்’ என்று முத்திரை வேறு. ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற கோஷத்தை 1864-ல் கிளப்பியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டார்.

‘கொஞ்சம் இருங்க’ என்று குறுக்கே கைநீட்டியவர் ஒரு ரஷ்ய இளவரசர். பீட்டர் க்ரோபோட்கின் (1842-1921). ஜார் மன்னருக்கே பணிவிடைச் சிறுவனாக இருந்தவர், சொகுசான ரெஜிமென்ட்டை விட்டுவிட்டு, ‘சைபீரியாவுக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். 1862 முதல் ஐந்து வருஷம். ஆசியாவின் மலைத்தொடர்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அன்றைய வரைபடங்களையே திருத்தினார். பழைய பனி யுகம் பற்றி 1874-ல் புவியியல் கழகத்தில் அறிக்கை படித்த கையோடு, புரட்சிக்காரர் என்று கைதானார். சிறைக்குள்ளும் அந்த ஆராய்ச்சியை எழுத அனுமதி கிடைத்தது, சூரியன் மறையும் வரை மட்டும்! 1876-ல் சிறை ஆஸ்பத்திரியிலிருந்து தப்பினார். பக்கத்து வீட்டிலிருந்து வயலின் இசைதான் சிக்னல். நம்ம ஊர் சினிமா டைரக்டர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை.

அவருடைய ‘பரஸ்பர உதவி’ 1902-ல் புத்தகமாக வந்தது. உயிர்களின் உலகம் கிளாடியேட்டர் சண்டை மாதிரிதான் என்று 1888-ல் டி.எச்.ஹக்ஸ்லி எழுதிய கட்டுரைக்குப் பதிலாக எழுத ஆரம்பித்தது.

க்ரோபோட்கினின் வாதம் எளிமையானது. டார்வின் சொன்ன போட்டியைத் தேடித்தான் அவரும் சைபீரியாவுக்குள் போனார். கண்டதோ வேறு. சீக்கிரமே விழுந்த பனிக்குப் பயந்து, ஆமூர் நதியைக் குறுகலான இடத்தில் கடப்பதற்காக எங்கிருந்தெல்லாமோ வந்து திரண்ட ஆயிரக்கணக்கான மான்கள். அங்கே பகை பக்கத்து மான் இல்லை, குளிர். அதை ஜெயிக்கக் கூட்டம் தேவை. டார்வின் பார்த்தது உயிர்கள் நெருக்கியடித்த வெப்பமண்டலம். இவர் பார்த்தது காலியாகக் கிடந்த பனிக்காடு. இரண்டுமே இயற்கைதான்.

இதுவரை சரி. புத்தகம் சறுக்குகிற இடமும் இருக்கிறது. மிருகங்களைப் பற்றிய முதல் இரண்டு அத்தியாயங்கள் பிரமாதம். இடைக்கால ஐரோப்பிய நகரங்களுக்கு வந்ததும் ஆசாமி காதலில் விழுந்துவிடுகிறார். அந்தக் கைவினைச் சங்கங்கள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தியதெல்லாம் அவர் கண்ணில் அதிகம் படவில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி, கைமாற்று வாங்கிவிட்டுத் திருப்பித் தராத ஆள் பற்றியது. எல்லாரும் உதவிக்கொண்டிருக்கும்போது அவன்தானே கொழுப்பான்? விடைக்கு நுனி புத்தகத்திலேயே இருக்கிறது: வயிறு நிறைய வைத்துக்கொண்டு, பசித்த எறும்புக்குக் கொடுக்க மறுக்கும் எறும்பை மற்றவை எதிரியாக நடத்துகின்றன என்கிறார். அங்கேயே நின்று தோண்டியிருக்கலாம். தோண்டவில்லை. உறவுக்காரருக்கு உதவுவதன் கணக்கை 1964-ல் ஹாமில்டனும், கைமாற்றுக் கணக்கை 1971-ல் ட்ரிவர்ஸும் போட்டுக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. மான்கள் சேர்ந்து நடக்கின்றன என்பதால் நாமும் சேர்ந்து நடக்கவேண்டும் என்று ஆகாது. அப்படிச் சொன்னால், புலியைக் காட்டிக் கடைசித் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புகிற முதலாளியின் வாதமும் சரியாகிவிடும். காட்டைக் கேட்டு நியாயம் தீர்மானிப்பது இரு பக்கத்துக்கும் வெட்டுகிற கத்தி.

ஆனால், ‘வேறு வழியே இல்லை சார், இயற்கையே அப்படித்தான்’ என்று யாராவது கையை விரித்தால், அது பொய் என்று சொல்ல இந்தப் புத்தகம் இன்றைக்கும் போதும். எழுதியவர் அதன்படி நடந்தவரும்கூட. 1920-ல், பிணைக்கைதிகள் பிடிப்பதைக் கண்டித்து லெனினுக்கே கடிதம் எழுதினார். அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார்.

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் அந்த முதல் இரண்டு அத்தியாயங்களையாவது படியுங்கள். மேனேஜ்மென்ட் மாணவர்கள் கட்டாயமாக.